ஏழு நாள் பூஜ்யம்

ரிங்லெட்
2.9.1974

சிவசாமி அண்ணனுக்கு, நீலாவதி எழுதுவது.

கல்யாணமாகிப் போன எட்டு வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நலம் விசாரிப்பதை விட்டுவிடுகிறேன். இத்தனை நாள் விசாரிக்காததை ஒரே வரியில் ஈடுகட்ட முடியாது. அண்ணி நன்றாக இருப்பதாக லோரி ராஜு சொன்னான். அது போதும்.

காரியத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மலை. நீங்கள்தான் இந்த வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் செய்தவராயிற்றே, அதனால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். சமையல்கட்டுக் கதவைத் திறந்தால் பத்தடியில் மண் செங்குத்தாக நிற்கிறது. போன டிசம்பர் மழையில் அதில் ஒரு பகுதி இறங்கி, வெளியே கிடந்த அம்மிக்கல்லை மூடிவிட்டது. இன்னும் நாலடி வந்திருந்தால் பின் அறைச் சுவர். அந்த அறையில்தான் என் மகள் செல்லம் படுக்கிறாள். அவளுக்கு ஐந்து வயது.

மலையை ஆறடி உள்ளே வெட்டி, கருங்கல் வைத்துச் சுவர் கட்டிவிடலாம் என்று இவர் முடிவு செய்திருக்கிறார். கொத்தனார் தாப்பாவிலிருந்து வர வேண்டும். அவருக்கு அக்டோபரில்தான் கை ஒழிகிறது. வெட்டவும் கட்டவும் சேர்த்து ஏழு நாள் ஆகுமாம். வெட்டின மண் பச்சையாக நிற்கும்போது மழை பிடித்தால் மலை வீட்டுக்குள் வந்துவிடும். அதற்கு முன்னால் வெட்டுகிறவர் தலையில் விழும். வெட்டப்போகிறவர் இவர்தான்.

அக்டோபரில் மழை விடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அதில் ஏழு நாள் எங்கேயாவது ஒளிந்திருக்குமா என்று பார்க்க வேண்டும். தேயிலை எஸ்டேட் ஆபீஸில் மழையை அளந்து புத்தகத்தில் எழுதுகிற ஆள் நீங்கள். அக்டோபர் மாதக் கணக்கை, வருஷம் வருஷமாக, தேதி போட்டு எழுதி அனுப்புங்கள். அளவு மட்டும் போதும், உங்கள் அபிப்பிராயம் வேண்டாம். என் கல்யாணத்தன்று உங்கள் அபிப்பிராயத்தை நம்பித்தான் அப்பா பந்தலுக்குமேல் கேன்வாஸ் போடாமல் விட்டார்.

நீலாவதி


பிரிஞ்சாங் மேல் டிவிஷன்
9.9.1974

தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து மாறவில்லை, வாயும் மாறவில்லை.

கல்யாணக் கதையை நீதான் எடுத்தாய், ஆகவே சொல்லிவிடுகிறேன். அன்று காலையில் வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. "ஒரு பொட்டுகூட விழாது" என்று நான் சொன்னதில் தப்பில்லை. பெய்ததுதான் தப்பு. சாம்பார் வாளியில் மழை விழுந்தது உண்மை. மாப்பிள்ளை வீட்டார் இலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடியதும் உண்மை. அதற்காக அத்தனை பேர் நடுவில் உன் வீட்டுக்காரர், "மச்சான் அளக்கறதுக்குத்தான் லாயக்கு, சொல்றதுக்கு இல்ல" என்றாரே, அதற்கு ஊரே சிரித்ததே, அதை நான் எந்தப் புத்தகத்தில் எழுத?

போகட்டும். நீ கேட்டதை 1967லிருந்து 1973வரை, ஏழு அக்டோபரையும் நான்கு தாளில் கோடு போட்டு எழுதியிருக்கிறேன். அளவு அங்குலத்தில். இந்த வேலையைப் பற்றி உனக்குத் தெரியாது. ஆட்கள் மழைச் சொம்பு என்று கேலி செய்வார்கள், ஆனால் அது செம்பில் செய்த மழைமானி. சுற்றிக் கம்பி வேலி, வேலிக்குப் பூட்டு, சாவி என் இடுப்பில். காலை ஆறு மணிக்கு, ஆட்கள் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்து நிற்கும்போதே நான் அளந்து சொல்லியாக வேண்டும். "அண்ணே, இன்னிக்கு மருந்தா, உரமா, கொழுந்தா?" என்று என்னைத்தான் முதலில் கேட்பார்கள். துரை என் அளவைப் பார்த்துத்தான் எந்த மலையில் என்ன வேலை என்று முடிவு செய்வார். ஈரமான மலையில் உரம் போட்டால் அது ஓடையில் போய்விடும். மருந்தடித்தால் கழுவிக்கொண்டு போகும். முந்நூறு பேர் வேலை என் வாயில் இருக்கிறது.

எட்டு வருஷத்தில் அளவு எழுதாத நாள் ஒன்றுகூடப் புத்தகத்தில் கிடையாது. தைரியமாகப் பயன்படுத்திக்கொள்.

செல்லம் யார் ஜாடை?

சிவசாமி


ரிங்லெட்
20.9.1974

அண்ணனுக்கு,

தாள்கள் வந்தன. உண்மையைச் சொல்கிறேன், இவ்வளவு சுத்தமாக எழுதி அனுப்புவீர்கள் என்று நினைக்கவில்லை.

நான்கு தாளையும் தரையில் விரித்து, செல்லத்தின் கலர் பென்சிலால் மழை பெய்த நாளையெல்லாம் நீலம் அடித்தேன். அக்டோபர் முழுக்க நீலம். பதினான்காம் தேதி முதல் இருபதாம் தேதி வரை மட்டும் வெள்ளை. ஏழு வருஷமும் அதே ஏழு நாள், நாற்பத்தொன்பது பூஜ்யம்! திரும்ப எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது.

எட்டாம் நாளைப் பார்த்தீர்களா? இருபத்தொன்றாம் தேதி ஒரு வருஷம் நாலு அங்குலம், ஒரு வருஷம் மூன்றரை, 1971ல் ஐந்தேகால். ஏழு நாள் அடக்கி வைத்துக்கொண்டு எட்டாம் நாள் மொத்தமாகக் கொட்டுகிறது. எங்களுக்கு அந்த ஏழு நாள் போதும். எட்டாம் நாள் சுவர் நின்றுவிடும்.

இவரிடம் காட்டினேன். முதலில் சிரித்தார். "உங்கண்ணன் எழுதினதா? அப்ப அன்னிக்குத்தான் வெள்ளம் வரும்" என்றார். பிறகு தாளை வாங்கிக்கொண்டு போய்க் தன் காய்கறி வண்டியில் உட்கார்ந்து தானே ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரும்பி வந்து என்ன சொன்னார் தெரியுமா? "வாய் பொய் சொல்லும் புள்ள, கை சொல்லாது. உங்கண்ணன் கை நல்ல கை." அடுப்பங்கரைச் சுவரில் நான்கு தாளையும் ஆணியடித்து மாட்டிவிட்டார். உங்கள் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டேதான் இப்போது சோறு வடிக்கிறேன்.

கொத்தனாருக்குச் சொல்லியாகிவிட்டது. பதினான்காம் தேதி திங்கட்கிழமை காலையில் மலையில் மண்வெட்டி விழும்.

செல்லம் உங்கள் ஜாடைதான், பாவம்.

நீலாவதி


மேல் டிவிஷன்
27.9.1974

தங்கச்சிக்கு,

அவசரப்படாதே. யோசித்துப் பார்த்ததில் மூன்று விஷயம் தோன்றுகிறது.

அந்தப் பதினைந்தாம் தேதி மஹாளய அமாவாசை. முன்னோருக்குத் தண்ணீர் விடும் நாளில் பூமியை வெட்டுவது நம் குடும்பத்துக்கு ஆகாது. அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

அப்புறம், என் புத்தகம் இங்கே பெய்ததை மட்டும்தான் சொல்லும். ரிங்லெட் எவ்வளவோ கீழே இருக்கிறது. இங்கே காய்ந்தால் அங்கேயும் காயும் என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது.

ஜனவரி கடைசியில் பொதுவாகவே மழை குறைவு. அப்போது வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், நீயே சொல்வதுபோல் சொல்.

சிவசாமி


ரிங்லெட்
2.10.1974

அண்ணனுக்கு,

பூசாரியைக் கேட்டேன். அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வேலையை ஆரம்பிக்கட்டும் என்றார். சுவர் கட்டக் கூடாது என்று எந்தச் சாத்திரத்திலும் இல்லையாம். அப்பா பெயரை இதில் இழுக்காதீர்கள். அவர் அமாவாசையும் பார்த்ததில்லை, பௌர்ணமியும் பார்த்ததில்லை, சனிக்கிழமை மட்டும் பார்ப்பார், அதுவும் கள்ளுக்கடைக்காக.

ரிங்லெட் கீழே இருப்பது எனக்குத் தெரியும். கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஏழு வருஷமும் மேலே ஒரு சொட்டு இல்லாத வாரத்தில் கீழே மட்டும் கொட்டுமா? இந்தக் கணக்குச் சொல்ல எனக்கு மழைச் சொம்பு வேண்டியதில்லை.

ஜனவரி வரை மலை காத்திருந்தால் நானும் காத்திருப்பேன். நடுவில் நவம்பர், டிசம்பர் இருக்கிறதே, அதை என்ன செய்ய? போன வருஷம் அம்மிக்கல். இந்த வருஷம் எது என்று பார்த்துக்கொண்டு உட்காரச் சொல்கிறீர்களா?

எனக்கு என்ன தோன்றுகிறது தெரியுமா? இவர் செய்கிற காரியம் நன்றாக முடிவது உங்களுக்குப் பிடிக்கவில்லை. அதுவும் உங்கள் புத்தகத்தைக் கொண்டே முடிந்துவிட்டால் சபதத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக இந்த மனுஷர் உங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார். அதைக் கெடுக்காதீர்கள் அண்ணே.

நீலாவதி


மேல் டிவிஷன்
5.10.1974

நீலாவதி,

சுவரில் மாட்டின தாளைக் கழற்றி அடுப்பில் போடு. காரணம் கேட்காதே.

சிவசாமி


ரிங்லெட்
8.10.1974

அண்ணனுக்கு,

கேட்கிறேன். ஏன்?

பதிலைத் தபாலில் போடாதீர்கள், நேரமில்லை. கியா பார்மிலிருந்து கோஸ் ஏற்றிக்கொண்டு ராஜு தினமும் இந்த வழியாகத்தான் தாப்பாவுக்கு இறங்குகிறான். அவன் கையில் கொடுங்கள். இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. இவர் மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டுவிட்டார்.

நீலாவதி


மேல் டிவிஷன்
11.10.1974, வெள்ளி

தங்கச்சிக்கு,

மூன்று தாளைக் கிழித்தாயிற்று. இது நான்காவது. இதையும் கிழிப்பதற்குள் ராஜு வந்துவிட வேண்டும்.

அந்த ஏழு நாளும் நான் அளக்கவில்லை.

அக்டோபர் பதினான்கிலிருந்து இருபது வரை எங்கள் பேக்டரியில் கொதிகலன் கழுவுகிற வாரம். பழைய வெள்ளைக்காரத் துரை ஒருவர் பலகையில் எழுதிப் போட்ட தேதி. இன்றுவரை யாரும் மாற்றவில்லை. பேக்டரி மூடியிருக்கும், துரை பினாங்குக்குப் போய்விடுவார், ஆபீஸ் ஆட்களுக்கு லீவு. நான் உன் அண்ணியைக் கூட்டிக்கொண்டு சுங்கை சிப்புட்டில் மாமனார் வீட்டுக்குப் போய்விடுவேன். ஏழு நாள் ஆற்றில் மீன் பிடிப்பேன். அங்கே எனக்கு நல்ல மரியாதை. "மாப்பிள்ளை கவர்ன்மென்ட் மாதிரி வேலை பார்க்கிறார்" என்பார்கள்.

மழைமானியின் சாவியை வாட்ச்மேன் நாகப்பனிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது உத்தரவு. ஒரு வருஷமும் கொடுக்கவில்லை. அவன் தப்பாக அளந்துவிடுவான் என்று பயந்தேன் என்று மற்றவர்களிடம் சொல்வேன். உன்னிடம் எதற்குப் பொய்? அவன் சரியாக அளந்துவிடுவான் என்றுதான் பயம். ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஊற்றிக் கோட்டைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. நாகப்பனுக்கும் அது வரும் என்று தெரிந்துவிட்டால் என்னைச் செடி வெட்டக் கவ்வாத்து மலைக்குக் கத்தியோடு அனுப்பிவிடுவார்கள்.

இருபத்தொன்றாம் தேதி காலையில் திரும்பி வந்து அளப்பேன். ஏழு நாள் மழையும் உள்ளே இருக்கும். மொத்தத்தையும் அன்றைய தேதியில் எழுதிவிட்டு, முன்னால் காலியாக இருக்கும் ஏழு கட்டத்திலும் பூஜ்யம் போடுவேன். வேறு எந்த எண் போட்டாலும் யாராவது கேட்பார்கள், பூஜ்யத்தைக் கேட்க மாட்டார்கள். மாத மொத்தம் சரியாக இருக்கிறதே, இது பொய்யாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டாம் நாள் கொட்டியது என்று எழுதினாயே, அது எட்டு நாளாகப் பெய்த மழை.

செப்டம்பரில் உனக்கு எழுதி அனுப்பும்போது இது எனக்கு நினைவுக்கே வரவில்லை. வரிசையாகப் பார்த்து எழுதினேன், கோடு நேராக வந்திருக்கிறதா என்றுதான் கவனம். நீ நாற்பத்தொன்பது பூஜ்யம் என்று எழுதிய பிறகுதான் உறைத்தது. அதற்கப்புறமும் அமாவாசை என்று எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

மலையில் கை வைக்க விடாதே. இதை மாப்பிள்ளையிடம் காட்டு. சிரிக்கட்டும். ஊரெல்லாம் சொல்லட்டும், துரை காதுவரை போகட்டும். செல்லத்தைப் பின் அறையில் படுக்கவைக்காதே.

சிவசாமி


ரிங்லெட்
12.10.1974, சனி

அண்ணனுக்கு,

படித்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டேன். இவரிடம் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன்.

காட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பாதியைப் படித்துவிட்டு, "பாத்தியா, உங்கண்ணன் கடைசி நேரத்துல நம்ம வேலைய நிறுத்தப் பாக்கறான்" என்பார். நானே அப்படித்தானே பத்து நாள் முன்னால் உங்களுக்கு எழுதினேன்? சுவரில் இருக்கிற தாளை நம்புவாரே தவிர, என் கையில் இருக்கிற தாளை நம்ப மாட்டார். கல் இறங்கிவிட்டது. கொத்தனார் நாளை வந்து தங்கப் போகிறார்.

கோபம் இருக்கிறது. நிறைய இருக்கிறது. இவரும் போய், வீடும் போய், பிள்ளையும் மண்ணுக்குள் போயிருந்தால், நீங்கள் எட்டாம் நாள் வந்து எதை அளந்திருப்பீர்கள்? அந்தக் கேள்வியை நான் கேட்டுத்தான் ஆக வேண்டும், கேட்டுவிட்டேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். நேரில் வந்து உங்கள் வாயால் இவரிடம் சொல்லுங்கள். நாளை ஞாயிற்றுக்கிழமை. ராஜு லோரி காலையிலேயே இறங்குகிறது. நீங்கள் வராவிட்டால் திங்கட்கிழமை காலையில் மலையை வெட்டுவார். நான் தடுக்க மாட்டேன், எனக்குத் தடுக்க வராது.

வாசல் வடக்குப் பார்த்தது. வெளியே ரோஜாச் செடி இருக்கும்.

நீலாவதி


மேல் டிவிஷன்
22.10.1974

தங்கச்சிக்கு,

அன்று உன் வீட்டில் எனக்கு வாய் வரவில்லை. வந்ததும் பாதி. அதனால் எழுதுகிறேன்.

லோரியில் வரும்போது வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். ராஜுதான், "சும்மா கைய வீசிக்கிட்டா போவீங்க? மாப்ள வீடுலா அண்ணே" என்றான். தானா ராத்தாவில் பிஸ்கட் டின் வாங்கலாம் என்று நிறுத்தினேன். கடை வாசலில் லோரிக்குப் போடுகிற பழைய கேன்வாஸ் விற்பனைக்குக் கிடந்தது. அதை வாங்கிவிட்டேன். ஏன் வாங்கினேன் என்று அப்போது தெரியாது.

மாப்பிள்ளையிடம் ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அப்புறம் அவர் என் தோளில் இருந்த கேன்வாஸைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் கொண்டாறீங்களா மச்சான்? எட்டு வருஷம் லேட்டு" என்றாரே, அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அப்புறம் அவரே ஏணியைக் கொண்டு வந்து, மலைமேல் ஏறி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மறுமுனை என் கையில், மலையை வெட்டாமலே போர்த்திவிட்டோம். மலைக்கு மேலே தண்ணீர் ஒதுங்க ஒரு வாய்க்கால் மட்டும் வெட்டினோம். எட்டு வருஷமாக உன் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை என்பது அப்போது நினைவுக்கே வரவில்லை. நீ சோறு போட்டதுதான் நினைவிருக்கிறது.

இந்த வருஷம் லீவு எடுக்கவில்லை. அண்ணி மட்டும் சுங்கை சிப்புட்டுக்குப் போனாள். பதினான்காம் தேதி ஆறு மணிக்குப் பூட்டைத் திறந்தேன். ஆட்கள் இல்லை, பெரட்டு இல்லை, எனக்கும் மழைமானிக்கும் நடுவில் நாகப்பனின் நாய் மட்டும். அளந்தேன். பூஜ்யம். பதினைந்து பூஜ்யம், பதினாறு பூஜ்யம். சொன்னால் நம்ப மாட்டாய், இருபது வரை ஏழு நாளும் பூஜ்யம்! குழாயைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன், புனலில் இலை அடைத்திருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்த்தேன். வானம் என்னைக் கேலி செய்தது தங்கச்சி.

நேற்று லீவு முடிந்து வந்த, ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி சாம்பசிவம் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏன்யா, இந்த வருஷமும் சுங்கை சிப்புட்டா?" என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். "எனக்குத் தெரியாதா? நீ அங்க மீன் புடிக்கறப்ப இங்க யார் தலையில மழை பேஞ்சதுன்னு நெனச்சே?" என்கிறார். லயத்தில் எல்லாருக்கும் தெரியுமாம். புத்தகத்துக்கு மட்டும்தான் தெரியவில்லை.

துரையிடம் நானே போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் வெளியே வராது என்று கிராணி எவ்வளவோ தடுத்தார். துரை புத்தகத்தை வாங்கி ஏழு வருஷத்தின் அந்த வாரத்தையும் சிவப்புப் பென்சிலால் அடித்தார். இந்த வருஷத்து ஏழு பூஜ்யத்தையும் சேர்த்து அடித்துவிட்டார். இது நிஜம் என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேலை போகவில்லை, இன்னொரு சாவி செய்யச் சொல்லியிருக்கிறார்.

இன்று காலை அளவு மூன்று புள்ளி நான்கு அங்குலம். ஒரே நாள் மழை. அங்கே எப்படி?

மாப்பிள்ளை என்ன சொல்கிறார்? நான் வராமல் இருந்திருந்தால் இந்நேரம் சுவர் நின்றிருக்கும். அதையும் நீ எழுதலாம்.

சிவசாமி


ரிங்லெட்
30.10.1974

அண்ணனுக்கு,

எழுதத்தான் போகிறேன். அந்த ஏழு நாளும் இவர் காலையில் எழுந்து வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார், உங்கள் பெயரைச் சொல்வார், உள்ளே வருவார். மூன்றாம் நாள் என்னிடமும் பேச்சில்லை. ஐந்தாம் நாள் வெயிலைப் பார்த்து, "இந்த வெயில்ல கோட்டையே கட்டிருக்கலாம்லா" என்றார். நானும் உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தேன். மழை வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தவள், ஆறாம் நாள் மழை வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என்ன பிழைப்பு இது என்று தோன்றியது.

இருபத்தொன்றாம் தேதி மத்தியானம் பிடித்தது. ஒரு மேசை அளவு மண் கழன்று கேன்வாஸ்மேல் வழுக்கிக்கொண்டு வந்து அம்மிக்கல் பக்கத்தில் நின்றது. அதற்குமேல் வரவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஒதுங்கிவிட்டது. செல்லம் முன் அறையில்தான் இருந்தாள்.

அன்றிலிருந்து இங்கே ஒரே வாக்குவாதம். ஏழு நாளில் சுவர் முடிந்திருக்கும் என்கிறார் இவர். கல்லையும் சுவரின் நீளத்தையும் பார்த்தால் பத்து நாள் பிடித்திருக்கும், இருபத்தொன்றில் பாதிச் சுவர்தான் நின்றிருக்கும், பாதிச் சுவர் மண்ணைவிட மோசம் என்கிறார் கொத்தனார். செப்டம்பரில் ஏழு நாள் என்று சொன்னதும் அதே கொத்தனார்தான். யார் சரி என்று எனக்குத் தெரியவில்லை. இனித் தெரியவும் வழியில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கொதிகலன் கழுவுகிற வாரம் எனக்கும் நினைவிருக்கிறது அண்ணே. சின்ன வயதில் அந்த வாரம் பேக்டரி மூடுவதால் அப்பா வீட்டில் இருப்பார். துணி காயாது. அடுப்புக்குமேல் கொடி கட்டி அவர் சட்டையைத் தொங்கப் போடுவோம், வீடெல்லாம் புகை நாற்றம். மழை பெய்யாமலா அப்படிச் செய்தோம்? ஆனாலும் உங்கள் தாளைப் பார்த்ததும் அதெல்லாம் மறந்துவிட்டது. நான் பார்த்ததைவிட நீங்கள் எழுதினது பெரிதாகப் போய்விட்டது. ஆகவே முழுப் பழியும் உங்களுக்கு இல்லை, முக்கால் பழி.

கொத்தனார் ஜனவரி பாதிக்குமேல் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார், பத்து நாள். ஜனவரிக் கணக்கை அனுப்புங்கள். இந்தத் தடவை எண் மட்டும் போதாது. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் நீங்கள் பார்த்ததா, பார்க்காததா என்று எழுதுங்கள்.

நீலாவதி


மேல் டிவிஷன்
16.11.1974

தங்கச்சிக்கு,

ராஜு கையில் கொடுத்தனுப்பிய தீபாவளி முறுக்கு வந்தது. அண்ணிக்குப் பிடித்தது. எனக்கும்தான்.

ஏழு ஜனவரிகள் இத்துடன் இருக்கின்றன. பார்த்த நாளுக்குப் பக்கத்தில் 'பார்த்தது' என்று எழுதியிருக்கிறேன். பார்க்காத நாளுக்கு எண்ணே எழுதவில்லை, வெறுமனே விட்டிருக்கிறேன். நீ கேட்காமல் இருந்தால் எனக்கே தெரிந்திருக்காது, வெறும் கட்டம் அவ்வளவு இருக்கிறது. பொங்கலும் மறுநாளும் எல்லா வருஷமும் வெறும் கட்டம். 1970ல் எனக்குக் காய்ச்சல், நான்கு நாள். சில ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கே சந்தேகம், அதனால் அதையும் வெறுமனே விட்டுவிட்டேன். மிச்சம் இருப்பதைப் பார்த்தால் இருபதிலிருந்து முப்பது வரை பரவாயில்லை என்று தோன்றுகிறது. தோன்றுகிறது என்றுதான் சொல்கிறேன். மழை பெய்யாது என்று சொல்லவில்லை. கேன்வாஸைக் கழற்ற வேண்டாம். ஒரு நாளில் எவ்வளவு கட்டி முடிக்க முடியுமோ அவ்வளவு மட்டும் வெட்டுங்கள். இது என் அபிப்பிராயம், வேண்டாமென்றால் விட்டுவிடு.

அக்டோபரில் எடுக்காத என் லீவு அப்படியே இருக்கிறது. இருபதாம் தேதி கீழே வருகிறேன். எனக்குக் கொத்து வேலை தெரியாது, ஆனால் கல் தூக்குவேன். மாப்பிள்ளையிடம் கேட்டு எழுது.

மழையை யார் அளப்பார்கள் என்று கேட்பாய். சாவியை நாகப்பனிடம் கொடுத்துவிட்டேன். போன வாரம் நான்கு நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். சரியாகத்தான் அளக்கிறான்.

சிவசாமி


ரிங்லெட்
24.11.1974

அண்ணனுக்கு,

இவரிடம் கேட்டேன். "இதையெல்லாம் கேப்பாங்களா? வரச் சொல்லு" என்றார். பின் அறையில் இப்போது யாரும் படுப்பதில்லை. ஆகவே முன் அறையில் எல்லாரும் நெருக்கிக்கொள்ள வேண்டும். அண்ணியையும் கூட்டி வாருங்கள்.

ஜனவரித் தாளைச் சுவரில் மாட்டியாகிவிட்டது. அக்டோபர்த் தாளைக் கழற்றப் போனேன், இவர் விடவில்லை. அது பொய்யான தாள் என்றேன். இருக்கட்டும் என்றார். நேற்று சோறு வடிக்கும்போதுதான் கவனித்தேன். 1973க்குக் கீழே ஸ்கேல் இல்லாமல் கோணலாக ஒரு கோடு இழுத்து, 1974 என்று போட்டு, பதினான்கிலிருந்து இருபது வரை ஏழு பூஜ்யம் எழுதியிருக்கிறார். துரை சிவப்புப் பென்சிலால் அடித்த அதே ஏழும். உங்கள் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டியிருந்தேன்.

பக்கத்தில் அவர் கையெழுத்தில் இரண்டே வார்த்தை: 'மச்சான் பார்த்தது.'

நீலாவதி